கேள்வி மேடை: ஆராதனையில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது?

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்து லுத்தரன் சபையார் எழுதிய கடிதங்கள் இந்த முறை அதிகம். சிக்ரி ஆராய்ச்சி நிலையத்துக்கும் அழகப்பா பல்கலைக்கழகத்துக்கும் வேலையாகவோ படிக்கவோ வந்தவர்கள், வங்கி மாற்றலில் வந்தவர்கள் என்று பல சபைப் பழக்கம் உள்ளவர்கள் ஒரே கோயிலில் கூடுகிறார்கள். பழைய குடும்பத்துப் பிள்ளைகளோ சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய் வேறு பழக்கத்தோடு திரும்புகிறார்கள். அதனால் எழும் கேள்விகளில் ஏழு கீழே.

எங்கள் சபையில் ஓராண்டாகப் பாவ அறிக்கையும் பாவமன்னிப்புக் கூறுதலும் நின்றுவிட்டன. விசுவாசப் பிரமாணம் மாதத்தில் ஒருநாள்தான். அந்த நேரத்தில் கீபோர்டு, டிரம்ஸோடு முக்கால் மணி நேரம் பாடல். பிரசங்கம் முழுக்க ஆசீர்வாதம், முன்னேற்றம். ஞானப்பாட்டு கேட்டால் ‘பழைய காலத்து ஆள்’ என்கிறார்கள். நான் எதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்?
— வாசகர், காரைக்குடி

ஐயா, தங்கள் கடிதத்தில் இரண்டு வழக்குகள் ஒன்றாய்க் கலந்து கிடக்கின்றன. பிரிக்காமல் சபையில் பேசப் போனால் இரண்டும் தோற்கும்.

முதல் வழக்கு டிரம்ஸ். 1530 ஜூன் 25 அன்று வாசிக்கப்பட்ட, லுத்தரன் சபைகளின் அடிப்படை அறிக்கையான அக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 7-ஆம் பிரிவு, சபையின் ஒற்றுமைக்கு எது போதும் என்று சொல்கிறது: சுவிசேஷம் சுத்தமாகப் போதிக்கப்பட வேண்டும், சாக்கிரமெந்துகள் (ஞானஸ்நானமும் திருவிருந்தும்) அதற்கு ஏற்றபடி கொடுக்கப்பட வேண்டும். மனிதர் ஏற்படுத்திய முறைமைகள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்கத் தேவையில்லை என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. வாத்தியம், ராகம், திரையில் பாட்டைக் காட்டுவது எல்லாம் இந்தச் சுதந்திரத்துக்குள் அடங்கும். நாம் உயிராய் நினைக்கும் ஞானப்பாட்டு மெட்டுகளே ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) நம் நாட்டு இசையில் கீர்த்தனை பாடியபோது அதுவும் புதுசுதான். ‘ஞானப்பாட்டு இல்லாவிட்டால் ஆராதனையே இல்லை’ என்று தாங்கள் வாதாடினால், லுத்தரன் போதனைக்குத் தாங்களே எதிராகப் பேசியவர் ஆவீர்கள். இது கசப்பாக இருக்கலாம், ஆனால் முதலில் சொல்லியாக வேண்டியது இதுதான்.

இரண்டாவது வழக்கு மன்னிப்பு. இது வேறு ரகம். பாட்டும் காணிக்கையும் ஜெபமும் நாம் தேவனை நோக்கிச் செய்பவை. பாவமன்னிப்புக் கூறுதலோ தேவன் நம்மை நோக்கிச் சொல்வது. ‘எவர்களுடைய பாவங்களை மன்னிக்கிறீர்களோ அவைகள் அவர்களுக்கு மன்னிக்கப்படும்’ (யோவான் 20:23) என்ற கட்டளையின்படி குருவானவர் வாய் திறக்கிறார். அதைத் தேவனே சொன்னதாக நம்பி ஏற்றுக்கொள்ள, சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் எழுதிய விசுவாசப் பாடநூலான சிறிய ஞானோபதேசம் கற்பிக்கிறது. அதை எடுத்துவிட்டால், உடைந்த மனதோடு வந்தவர் முக்கால் மணி நேரம் பாடிவிட்டு, வந்த பாரத்தோடே வீட்டுக்குப் போவார். உணர்ச்சி பொங்காத நாளில் தேவன் தன்னை விட்டுவிட்டாரோ என்றும் பயப்படுவார். இதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வாசல் இருக்கிறது, அதையும் கவனியுங்கள். ‘டிரம்ஸ் அடிப்பதால் சந்தோஷமாய்ப் பாடுகிறோம்’ என்றால் அது சுதந்திரம். ‘இப்படிப் பாடினால்தான் ஆவியானவர் இறங்குவார்’ என்றால் அது போதனை, அதுவும் தவறான போதனை. 1577-இல் எழுதப்பட்ட இன்னொரு லுத்தரன் அறிக்கையான ‘ஃபார்முலா ஆஃப் கான்கார்ட்’டின் 10-ஆம் பிரிவு இதைத்தான் பேசுகிறது. கட்டாயமில்லாத ஒன்றை அவசியம் என்று சுமத்தும் நேரத்தில், அந்தச் சின்ன விஷயத்திலும் இணங்கிப் போகக்கூடாது.

இனி செய்ய வேண்டியது. தொடர்ந்து நான்கு ஞாயிறு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: பாவ அறிக்கை இருந்ததா, மன்னிப்பு கூறப்பட்டதா, பழைய ஏற்பாடு, நிருபம், சுவிசேஷம் என்ற மூன்று பாடங்களில் எத்தனை வாசிக்கப்பட்டன, விசுவாசப் பிரமாணம் உண்டா. பிரசங்கத்துக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: இன்று கேட்டது, கிறிஸ்து சிலுவையில் மரிக்காமல் இருந்தாலும் அப்படியே சொல்லக்கூடியதுதானா? ‘ஆம்’ என்று நான்கு வாரமும் எழுத நேர்ந்தால் தங்கள் கவலைக்குக் காரணம் உண்டு.

பிறகு குருவானவரைத் தனியே பாருங்கள் (மத்தேயு 18:15). ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்கும் நேரத்தில் வேண்டாம். அவரும் களைத்திருப்பார், நாலு பேர் காதும் அங்கே இருக்கும். வாரநாள் சாயங்காலம் கேட்டுக்கொண்டு போங்கள். குறையாகப் பேசாமல் ஒரே வேண்டுகோளாக வையுங்கள்: முதல் பாட்டு முடிந்ததும் பாவ அறிக்கையும் மன்னிப்பும், பிரசங்கத்துக்கு அடுத்து விசுவாசப் பிரமாணம். நிறுத்தி நிதானமாய்ச் சொன்னாலும் இவை ஐந்தாறு நிமிடத்துக்குள் முடியும். ஒரு பாட்டைக் குறைத்தால் இடம் கிடைக்கும். டிரம்ஸைப் பற்றி அன்று வாயே திறக்காதீர்கள். இரண்டு மாதம் பொறுத்தும் மாறவில்லையென்றால் சபைச் சங்கத்துக்கு ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுத்தில் கொடுங்கள். அதன் பின் சபைப் பொதுக்கூட்டம், அதற்கும் மேலே திருச்சபைத் தலைமை.

இந்த முயற்சி கெடுவது பெரும்பாலும் மூன்று காரணங்களால். ஒன்று, வாட்ஸ்அப்பில் போடுவது. அன்றோடு அது போதனை விஷயமாக இல்லாமல் கோஷ்டிச் சண்டை ஆகிவிடும். இரண்டு, காணிக்கையை நிறுத்துவது. ‘பணத்தைக் காட்டி மிரட்டுகிறார்’ என்ற ஒரு சொல்லில் தங்கள் நியாயம் எல்லாம் போய்விடும். மூன்று, சங்கத் தேர்தல் நேரத்தில் எழுப்புவது.

என் மகளுக்கு 21 வயது. வெளியூர்க் கல்லூரி விடுதியில் ஒரு ஜெபக்குழுவோடு பழகுகிறாள். ‘குழந்தையில் தெளித்தது ஞானஸ்நானமே இல்லை, முழுக்கு எடுக்க வேண்டும்’ என்கிறார்கள். விடுமுறையில் தொண்டிக் கடலில் எடுக்கப் போகிறேன் என்கிறாள். எப்படித் தடுப்பது?
— வாசகி, தேவகோட்டை

சகோதரி, தடுப்பதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை தேவனைத் தேடுகிறாள் என்பது கோபப்பட வேண்டிய செய்தி அல்ல.

தண்ணீரின் ஆழம் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வழக்கே அல்ல. முழுக்குக் கொடுப்பது அடையாளத்துக்கு நன்றாய்ப் பொருந்துகிறது என்று லுத்தரே எழுதியிருக்கிறார். கோயிலில் கையளவு தண்ணீரானாலும், ஊருணியானாலும், கடலானாலும் ஞானஸ்நானம் ஞானஸ்நானமே. வழக்கு வேறு இடத்தில்: ஞானஸ்நானம் யார் செய்யும் காரியம்? அந்தக் குழு, ‘என் தீர்மானத்தை நான் அறிவிப்பது’ என்கிறது. நாம், ‘தேவன் தம் நாமத்தை என்மேல் வைப்பது’ என்கிறோம். அது என் தீர்மானம் என்றால், தீர்மானம் தளரும் போதெல்லாம் மறுபடி முழுக வேண்டி வரும். முதல் முறை உண்மையாய் விசுவாசித்தேனா என்ற சந்தேகத்தில் இரண்டாம் முறையும் எடுத்து, பிறகும் அமைதி இல்லாமல் தவிப்பவர்கள் உண்டு. லுத்தரின் பெரிய ஞானோபதேசம் சொல்வது, என் விசுவாசம் ஞானஸ்நானத்தை உண்டாக்குவதில்லை, அதைப் பெற்றுக்கொள்கிறது என்பதே. வாங்கும் கை நடுங்கினாலும் கொடுக்கப்பட்டது பொன்தான்.

அவள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே சபைப் பதிவேட்டிலிருந்து அவளுடைய ஞானஸ்நானச் சான்றிதழை வாங்கி வையுங்கள். தேதியும், ஞானத்தாய் தகப்பன் பெயரும் அதில் இருக்கும். பிறகு சிறிய ஞானோபதேசத்தில் ஞானஸ்நானப் பகுதியின் நான்கு கேள்விகளையும் நாளுக்கு ஒன்றாகச் சேர்ந்து வாசியுங்கள். அது என்ன, என்ன நன்மை தருகிறது, தண்ணீர் இத்தனை பெரிய காரியத்தை எப்படிச் செய்யும், அது எதைக் குறிக்கிறது. முதல் நாள் மத்தேயு 28:19, இரண்டாம் நாள் மாற்கு 16:16, மூன்றாம் நாள் தீத்து 3:5, நான்காம் நாள் ரோமர் 6:4.

நான்காம் கேள்வியில் அதிக நேரம் நில்லுங்கள், அவள் மனசு இருப்பது அங்கேதான். பழைய ஆதாம் தினமும் மனஸ்தாபத்தால் (பாவத்துக்காக மனம் வருந்துவதால்) மூழ்கிச் சாக, புதிய மனிதன் தினமும் எழும்ப வேண்டும் என்று அங்கே வருகிறது. புதிதாய்த் தொடங்க வேண்டும் என்ற அவள் ஆசைக்கு ஞானஸ்நானம் தடை அல்ல; அந்த ஆசை திரும்பிப் போய் நிற்க வேண்டிய இடமே அதுதான். ‘குழந்தைக்கு எப்படி?’ என்று கேட்டால் அப்போஸ்தலர் 2:39-ஐக் காட்டுங்கள்: ‘வாக்குத்தத்தமானது உங்களுக்கும், உங்கள் பிள்ளைகளுக்கும்.’ ‘இன்னொரு முறை எடுத்தால் என்ன?’ என்றால் எபேசியர் 4:5: ‘ஒரே ஞானஸ்நானம்.’

இத்தனைக்கும் பிறகு அவள் எடுத்துவிட்டாளா? வீட்டை விட்டு விலக்காதீர்கள். அவள் எடுத்தது இரண்டாவது ஞானஸ்நானம் ஆகாது. முதலாவதை அது அழிக்கவும் முடியாது. திரும்பி வரும்போது புதிதாக எந்தச் சடங்கும் தேவையில்லை. குருவானவரிடம் தனிப் பாவ அறிக்கை செய்து மன்னிப்புப் பெற்றுத் திருவிருந்துக்கு வரலாம்.

மகன் வேறு சபையார் நடத்தும் பள்ளியில் படிக்கிறான். ‘உன் தகப்பனையும் தாயையும் கனம்பண்ணுவாயாக’ நான்காம் கற்பனை (கட்டளை) என்று எழுதியதற்கு மதிப்பெண் போய்விட்டது. ஐந்தாம் கற்பனையாம். யார் சரி?
— வாசகி, திருப்பத்தூர்

இருவரும் சரி. பத்து என்று வேதம் சொல்கிறது (யாத்திராகமம் 34:28). எண் போட்டுக் கொடுக்கவில்லை. லுத்தர், பழைய சபைப் பிதா அகஸ்டின் வழிவந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டார். அதில் விக்கிரகம் பற்றிய வசனம் முதலாம் கற்பனைக்குள் அடங்கும். ஆங்கிலிக்கன், சீர்திருத்த சபையார் அதைத் தனியாக இரண்டாவதாக எண்ணுவதால் அதன் பிறகு எல்லாமே ஒன்று தள்ளிப் போகும். கடைசியில் நாம் இச்சையை இரண்டாகப் பிரிக்கிறோம்: பிறன் வீடு 9, பிறன் மனைவி, வேலையாள் முதலியவை 10. அவர்களுக்கு இரண்டும் சேர்ந்து 10. பள்ளித் தேர்வில் பள்ளி எண்ணை எழுதட்டும், வீட்டில் நம் எண்ணைச் சொல்லட்டும். ‘ஆறாம் கற்பனையை மீறினான்’ என்று யாராவது பேசினால், எந்தச் சபையார் பேசுகிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது: நமக்கு அது விபசாரம், அவர்களுக்குக் கொலை.

திருவிருந்தில் ஒரே பாத்திரத்துக்குப் பதில் சின்னச் சின்னக் கிண்ணங்கள் வந்துவிட்டன. இப்போது திராட்சரசத்துக்குப் பதில் கடையில் விற்கும் பழச்சாறு வைக்கலாம் என்கிறார்கள். ஏற்கலாமா?
— வாசகர், பள்ளத்தூர்

கிண்ணம் எப்படிப்பட்டது என்பது வசதி. ஒரே பாத்திரம் ஐக்கியத்தை அழகாய்க் காட்டும் என்பது என் அபிப்பிராயம், ஆனால் அதற்காக யாரும் பந்தியை விட்டு எழுந்து போக வேண்டாம்.

பாத்திரத்துக்குள் இருப்பது வேறு விஷயம். ஆண்டவர் கையில் எடுத்தது அப்பமும் திராட்சரசமும். பழைய லுத்தரன் போதனை, அவர் ஏற்படுத்தியதில் நாம் கைவைக்கக் கூடாது என்பது. மேசைக்கு முன்னால் மண்டியிட்டவருக்கு ‘இது அதுதானா?’ என்ற சந்தேகமே வரக்கூடாது. அவரைத் திடப்படுத்தத்தான் அது கொடுக்கப்படுகிறது. கடைச் சாறு போத்தல்களில் பல வகைப் பழம், சர்க்கரை, சாயம் கலந்து வரும். எனவே பழையபடி புளித்த திராட்சரசமே இருக்கட்டும் என்று கேளுங்கள்.

குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவருக்குப் பயம் இருப்பது நியாயம். அவர் முன்கூட்டியே குருவானவரிடம் தனியாய்ச் சொல்லட்டும். அவருக்கு உதடு நனையும் அளவு போதும், தண்ணீர் கலந்தும் கொடுக்கலாம். அளவைப் பொறுத்து அருள் கூடுவதோ குறைவதோ இல்லை. அவர் ஒருவருக்காகச் சபை முழுவதற்கும் மாற்றுவது வேண்டாம், எல்லார் முன்னாலும் அவரைக் காட்டிக்கொடுப்பதும் வேண்டாம்.

மீந்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிண்ணங்கள் வந்த பிறகு, மீதியைக் குழாயடித் தொட்டியில் கொட்டுவது சில இடங்களில் நடக்கிறது. அங்கேயே உட்கொண்டுவிட வேண்டும். கிண்ணம் கழுவிய முதல் தண்ணீரைச் செடி வேரில் ஊற்றுங்கள். ‘இது என் சரீரம்’ என்ற சொல்லை நம்புகிறோமா என்பதைப் பிள்ளைகள் நம் கையைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

மகன் கல்யாணத்துக்கு மண்டபம் லெந்து காலத்தில்தான் கிடைக்கிறது. சம்பந்தி வீட்டார் ராகு காலமும் பார்க்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகர், கோட்டையூர்

லெந்தில் கல்யாணம் பாவம் அல்ல. வேண்டாம் என்பது திருச்சபையின் நல்லொழுங்கு. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்திய சனி வரை, ஞாயிறுகளைச் சேர்த்து 46 நாள். இந்த ஊரில் ஆடியில் மண்டபம் காலியாய் இருப்பது போல நம்மவர் இந்த நாட்களை விட்டு வைத்தார்கள், ஆனால் காரணம் வேறு: நாள் கெட்டது என்பதல்ல, விருந்துக்கு ஏற்ற மனநிலை இல்லை என்பது. தவிர்க்கவே முடியாவிட்டால் குருவானவரைக் கேளுங்கள், ஈஸ்டருக்கு முந்திய பாடு வாரத்தை மட்டும் தொடவே வேண்டாம். ஓலை (கல்யாண அறிவிப்பு) கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டியிருப்பதால் தேதி முடிவாவதற்கு முன்பே போய்ப் பாருங்கள்.

ராகு காலம் அப்படி அல்ல, அது முதலாம் கற்பனை. எல்லாவற்றிற்கும் மேலாகத் தேவனுக்குப் பயந்து, அவரை நேசித்து, நம்ப வேண்டும் என்கிறது ஞானோபதேசம். பத்தரை மணிக்கு வைத்தால் வெளியூர் ஆட்கள் பஸ்ஸில் வந்து சேர முடியும் என்று வைப்பது வேறு. ஒன்பதுக்குள் வைத்தால் கெடுதல் வரும் என்று பயந்து தள்ளுவது வேறு. சம்பந்தியிடம் விவாதம் வேண்டாம். 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி பொதுவாகக் காலை 6 முதல் மாலை 7-க்குள் எந்த மணியும் ஆகும், கோயிலும் குருவானவரும் கிடைக்கும் நேரம் இது என்று சொல்லிக் குறித்துவிடுங்கள். தாலியின் வடிவம், மாலை, புடவை நிறம் இவற்றில் அவர்கள் விருப்பத்துக்கு இடம் கொடுங்கள்.

பேரப் பிள்ளைகள் இருவர், 9 வயதும் 12 வயதும். ஆங்கிலப் பள்ளி, தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வாசிப்பார்கள். சபையில் ஞானோபதேச வகுப்பு நின்றுவிட்டது. வீட்டில் நான் சொல்லிக் கொடுக்க முடியுமா?
— வாசகர், தேவகோட்டை

முடியும். ஐயா, அது எழுதப்பட்டதே வீட்டுக்குத்தான். சாக்சனி நாட்டுச் சபைகளைப் பார்வையிட்டு, ஜனங்களுக்குக் கர்த்தருடைய ஜெபம்கூடத் தெரியாமல் இருந்ததைக் கண்டு நொந்துபோய் 1529-இல் லுத்தர் எழுதியது சிறிய ஞானோபதேசம். பகுதிதோறும் ‘ஒரு குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிதாய்க் கற்பிக்க வேண்டிய விதம்’ என்ற பொருளில் தலைப்பு வைத்தார். தரங்கம்பாடிக்கு 1706 ஜூலை 9 அன்று வந்த சீகன்பால்கு தமிழில் ஆரம்பத்திலேயே மொழிபெயர்த்தவற்றில் இதுவும் ஒன்று.

ஓர் ஆண்டுக்குக் கணக்குப் போட்டுத் தருகிறேன். கற்பனைகள் 10 வாரம், முடிவுரை 1, விசுவாசப் பிரமாணம் மூன்று பிரிவு, பிரிவுக்கு 2 வாரமாக 6, கர்த்தருடைய ஜெபம் முன்னுரை, ஏழு விண்ணப்பம், முடிவு சேர்த்து 9, ஞானஸ்நானம் 4, பாவ அறிக்கை 2, திருவிருந்து 4. ஆக 36 வாரம். மீதி 16 வாரம் பரீட்சைக்கும் பண்டிகைக்கும் திரும்பப் படிப்பதற்கும். இரவு சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம், வாரம் ஐந்து நாள். முதல் இரண்டு நாள் தாங்கள் சொல்ல அவர்கள் திருப்பிச் சொல்லட்டும். மூன்றாம் நாள் ‘இதன் அர்த்தம் என்ன?’ என்று பெரியவன் கேட்க, சின்னவன் சொல்லட்டும். நான்காம் நாள் மாற்றி. ஐந்தாம் நாள் அந்த வாரத்தில் வீட்டில் நடந்த ஒன்றோடு சேர்த்துப் பேசுங்கள். தமிழ் எழுத்து வராதது இதற்குத் தடையே இல்லை, காதால்தான் இது ஏறும்.

ஒரு பழைய எச்சரிக்கை: ஒரே பாடத்தை எடுத்துக்கொண்டு சொல் மாற்றாமல் கற்பியுங்கள் என்று லுத்தர் முன்னுரையிலேயே கேட்டுக்கொள்கிறார். இன்று ஒரு மொழிபெயர்ப்பு, நாளை இன்னொன்று என்றால் பிள்ளைக்கு எதுவும் மனதில் நிற்காது. ‘மனஸ்தாபம்’, ‘நீதிமான்’ போன்ற சொற்களை எளிய சொல்லாக மாற்றிவிடாமல், அதையே சொல்லிப் பொருளை விளக்குங்கள். தண்டனையாக மட்டும் இதைக் கொடுக்காதீர்கள். ‘சேட்டை பண்ணினாய், மூன்று கற்பனை ஒப்புவி’ என்ற வீட்டுப் பிள்ளைகள் பெரியவர்களானதும் அந்தப் புத்தகத்தைத் தொடுவதில்லை.

காலை, மாலை ஜெபம் அதன் பின்பகுதியில் உண்டு. எழுந்ததும் சிலுவை அடையாளம் போட்டுக்கொள் என்று அங்கே எழுதியிருப்பதைப் பார்த்து ‘இது கத்தோலிக்கப் பழக்கம் அல்லவா?’ என்று பிள்ளைகளின் தாய் கேட்கக்கூடும். லுத்தர் எழுதியதுதான் என்று காட்டுங்கள். கட்டாயம் இல்லை, கூச்சமும் வேண்டாம்.

எங்கள் வீட்டில் குறைமாதக் குழந்தை பிறந்து தீவிர சிகிச்சையில் இருந்தது. குருவானவர் வெளியூரில். அப்படிப்பட்ட நேரத்தில் வீட்டாரே ஞானஸ்நானம் கொடுக்கலாமா? குழந்தை இப்போது நலம். அடுத்தவருக்கு உதவட்டும் என்று கேட்கிறேன்.
— வாசகி, காரைக்குடி

சகோதரி, குழந்தை நலம் என்று வாசித்ததும் தேவனைத் துதித்தோம். கொடுக்கலாம். ஞானஸ்நானம் பெற்ற எந்தக் கிறிஸ்தவரும், பெண்ணோ ஆணோ, அவசர நேரத்தில் கொடுக்கலாம். நர்ஸிடம் சொல்லி, சுத்திகரித்த தண்ணீர் ஒரு சிறு கரண்டி அளவு கேளுங்கள். பெயர் சொல்லி, ‘பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்திலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே தலையில் மூன்று முறை சில துளி வழிய விடுங்கள். தலையில் குழாய்கள் இருந்தால் கையிலோ காலிலோ விடலாம். நேரம் இருந்தால் கர்த்தருடைய ஜெபம். வேறு தண்ணீரோ எண்ணெயோ ஜெபித்துப் பூசுவது இதற்கு ஈடாகாது. சொல்லை மாற்றுவதும் கூடாது, பிறகு சந்தேகம் எழுவது அங்கேதான்.

கொடுக்கும் முன்பே குழந்தை இறந்துவிட்டால் உடலுக்குக் கொடுப்பதில்லை. அந்தத் தாய்க்கு, 1542-இல் பிள்ளையை இழந்த தாய்மாருக்கு லுத்தர் எழுதிய ஆறுதலைச் சொல்லுங்கள்: பிள்ளைக்காக அவள் மனதில் ஏங்கியதைத் தேவன் ஜெபமாகவே கேட்டிருக்கிறார்.

பிழைத்த குழந்தைக்குக் கோயிலில் மறுபடி கொடுக்க மாட்டார்கள். குருவானவர் யார் கொடுத்தது, எதனால், என்ன சொல்லி, யார் கூட இருந்தார்கள் என்று கேட்பார். ஆகையால் அன்றே ஒரு தாளில் தேதி, மணி, குழந்தையின் பெயர், கொடுத்தவர் பெயர், இரண்டு சாட்சிகளின் கையெழுத்து எழுதி வைத்திருந்து அவரிடம் கொடுங்கள். சபையில் அறிவித்து, ஞானஸ்நானப் பதிவேட்டில் அந்தத் தேதியிலேயே எழுதிக்கொள்வார்.